யார் முதலில் உட்காருவது?

"இந்தக் காலத்துல தொழிற்சங்கம் எதுக்குங்க? அதான் சட்டம் இருக்கே" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அக்காவின் கால்தான்.

அக்கா 11 வருடமாக ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறார். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதரை வரை, சாப்பாட்டு நேரம் போக, நின்றபடிதான். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கிறது. ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்தால்தான் தூக்கம் வரும்.

2021-லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், இடையில் உட்கார விட வேண்டும் என்று தமிழ்நாட்டில் கொண்டுவந்துவிட்டார்கள். நல்ல சட்டம். அக்கா கடைக்கும் ஸ்டூல் வந்தது. இப்போது அதன்மேல் கவர் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

"எடுத்துக் கீழ வச்சிட்டு உட்கார வேண்டியதுதானேக்கா?"

"யாரு முதல்ல உட்கார்றது?"

ஒருத்தி உட்கார்ந்தால் மறுநாள் அவளை குடோனுக்கு மாற்றிவிடுவார்கள். மாடியே சேர்ந்து உட்கார்ந்தால் யாரை மாற்ற முடியும்? எனக்குத் தெரிந்து சங்கம் என்பது இவ்வளவுதான்.

கேரளாவில் இதே உரிமை 2018-ல் வந்தது. சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் கழிப்பறைகூட இல்லாமல், அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையல்காரரோடு 'பெண்கூட்டு' என்று திரண்டு பல வருடம் போராடினார்கள்.

சங்கங்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. கட்சிக்கு ஒரு கொடி, நிரந்தர ஊழியருக்கு மட்டும் பேச்சு, ஜவுளிக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, ஆளுங்கட்சியின் சங்கம் உட்பட அத்தனை கொடிகளும் எதிர்த்து நின்றன. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தனி ஆளாக மனு எழுதிப் போட்டிருந்தால் பத்து நாளில் நடந்திருக்குமா?

அக்காவிடம் கோழிக்கோட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் மாடியில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். 16 பேர். "ரெண்டு பேரு பயப்படுவாளுங்க. மத்தவங்ககிட்ட பேசிப் பார்க்கலாம்" என்றார்.