'நீண்ட' என்ற ஒரே சொல் போதுமா?

விவசாயத்துக்கும் நீண்ட வரலாறு, பூமிக்கும் நீண்ட வரலாறு என்று உங்கள் கட்டுரையில் அடுத்தடுத்து வருகிறது. முதலாவது சுமார் 12,000 ஆண்டு, இரண்டாவது சுமார் 454 கோடி ஆண்டு. இரண்டுக்கும் ஒரே அடைமொழி போட்டால் படிப்பவர் மனதில் இரண்டும் ஒரே அளவாகத்தான் பதியும். எனக்கு இது சின்னக் குறையாகத் தோன்றவில்லை.

'நெடிய' என்பதை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடந்துவந்த காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 'தொன்மையான' என்பது பொருளின் வயதைச் சொல்லும், காலத்தின் நீளத்தைச் சொல்லாது. பாறைகளின் காலத்துக்கு 'ஆழ்ந்த' என்பதே பொருத்தம் என்பேன். ஸ்காட்லாந்தின் சிக்கர் பாயிண்ட் கடலோரத்தில் சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் மேலே சிவப்பு மணற்பாறை லேசாகச் சாய்ந்து படிந்திருக்கிறது. கீழ்அடுக்கு கடலடியில் படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்த பிறகுதான் மேலடுக்கு வந்தது. நடுவில் பல கோடி ஆண்டுகள். 1788-ல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டனோடு அங்கே போன அவருடைய நண்பர் ஜான் பிளேஃபேர், காலத்தின் பாதாளத்துக்குள் அவ்வளவு தூரம் எட்டிப் பார்த்ததில் மனம் கிறுகிறுத்தது என்று பின்னாளில் எழுதினார். அவருக்கு அது நீளமாகப் படவில்லை, ஆழமாகப் பட்டிருக்கிறது.

அப்புறம், கட்டுரையில் வரும் 'பிரம்மாண்டமான வரலாறு' என்பதை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது வியப்பைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஆண்டுக் கணக்கையே போட்டுவிடலாம்.