சிறுநீர் வேறு, ரத்தம் வேறு

எலுமிச்சையைப் பிழிந்து ரத்தத்தைக் காரமாக்கச் சொல்லும் ஒரு இயற்கை வைத்தியரின் லைவ் வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமெண்டை ஞாயிற்றுக்கிழமையே எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. "புளிப்பான பழம் சிறுநீரைக் காரமாக்கும், அது உண்மைதான்" என்று எழுதினேன். (காரம் என்றால் இங்கே அமிலத்துக்கு எதிரானது.) அவ்வளவுதான். அறிவியல் பேசும் தம்பிகள் வந்து சிரிப்பு எமோஜியாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த வைத்தியரோ என் கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "வேதியியல் ஆசிரியையே ஒப்புக்கொண்டார், ரத்தத்தைக் காரமாக்கினால் எந்த நோயும் வராது" என்று போட்டுவிட்டார். நான் எழுதியதில் ரத்தம் என்ற சொல் எங்கே இருக்கிறது? பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

சிறுநீர் வேறு, ரத்தம் வேறு.

முதலில் சிரித்தவர்களுக்குச் சொல்கிறேன். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 2க்கும் 2.5க்கும் நடுவில் இருக்கும், அது அமிலம் என்று எனக்கும் தெரியும், முப்பது வருஷம் அதைத்தான் கரும்பலகையில் எழுதினேன். ஆனால் வாயில் வைக்கும்போது ஒரு பொருள் என்னவாக இருக்கிறது என்பது ஒன்று, உடம்பு அதை எரித்து முடித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது இன்னொன்று. பழச்சாற்றில் இருக்கும் சிட்ரிக் அமிலம் முழுக்க அமிலமாகவே இருப்பதில்லை, ஒரு பங்கு பொட்டாசியத்தோடு சேர்ந்து சிட்ரேட் உப்பாக இருக்கிறது. அமிலப் பங்கு எரிந்து தண்ணீரும் கரியமில வாயுவுமாகி மூச்சில் போய்விடும். உப்புப் பங்கு எரியும்போது பைகார்பனேட் என்ற காரப் பொருள் மிஞ்சும். அதை சிறுநீரகம் வெளியே தள்ளும், சிறுநீர் காரப் பக்கம் சாயும். வினிகரும் புளிப்புதான், ஆனால் அதில் பொட்டாசியம் பெரிதாக இல்லை, அதனால் இந்த வேலையைச் செய்யாது. புளிப்பே இல்லாத கறியும் முட்டையும்தான் அவற்றின் புரதத்தில் இருக்கும் கந்தகத்தால் உடம்பில் அமிலத்தை விட்டுச் செல்லும். நாக்குக்கு இதெல்லாம் தெரியாது.

(நடுவில் ஒருவர் "அப்போ மிளகாயும் காரம்தானே டீச்சர்" என்று கேட்டிருந்தார். ஐயா, அந்தக் காரம் வேறு. தமிழ் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருப்பதற்கு நான் பொறுப்பில்லை.)

நம்பிக்கை இல்லையென்றால் நீர்க்கடுப்புக்கு மெடிக்கலில் தரும் சிரப் பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் என்று இருக்கும். வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் முன்பு பைகார்பனேட் இருந்தது. 1984இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பதிலாக சிட்ரேட்டை வைத்தது, பொட்டலம் கெடாமல் அதிக நாள் தாங்கும் என்பதற்காக. உடம்புக்குள் போனால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். இதையெல்லாம் நான் வாட்ஸ்அப்பில் படிக்கவில்லை தம்பிகளா.

என் உடம்பிலேயே பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கு இருந்த ஒரே கழிப்பறையின் நிலைமை உங்களில் பலருக்குத் தெரியும். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமலே வருஷக்கணக்கில் பாடம் எடுத்தால் என்ன வருமோ அது வந்தது. கல். யூரிக் அமிலக் கல், அது சிறுநீர் அதிக அமிலமாக இருக்கும்போது படிகிற கல். பொட்டாசியம் சிட்ரேட் எழுதிக் கொடுத்தார்கள். நான் சும்மா இருப்பேனா, பள்ளி ஆய்வகத்திலிருந்து பி.எச். தாள் கொண்டுவந்து தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதினேன். மருந்துக்கு முன்னால் 5.5, மருந்து தொடங்கிய பிறகு 6.5. அப்புறம் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மருந்தை நிறுத்தியிருந்த நாட்களில் எலுமிச்சை ஜூஸ் குடித்துப் பார்த்தேன், தாளின் நிறம் அசையவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். சாத்துக்குடிதான் அசைத்தது. சாத்துக்குடியில் பொட்டாசியம் சிட்ரேட் அதிகம், எலுமிச்சையில் பெரும்பாலும் வெறும் சிட்ரிக் அமிலம். ஆக, எலுமிச்சையைப் பிழிந்து பிழிந்து வீடியோ போடும் அந்த வைத்தியர் பழத்தைக்கூடச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இப்போது ரத்தத்துக்கு வருகிறேன். ரத்தத்தின் பி.எச். 7.35லிருந்து 7.45. அந்த இடைவெளியை விட்டு அது நகராமல் இருக்க நுரையீரல் நிமிஷத்துக்கு நிமிஷம் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது, மிச்சத்தைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. சிறுநீர் 4.5லிருந்து 8 வரை ஏறி இறங்குவதே ரத்தம் ஏறி இறங்காமல் இருப்பதற்காகத்தான். தாளில் நிறம் மாறியது என்றால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம், ரத்தம் மாறிவிட்டது என்று இல்லை. சிறுநீர் வேறு, ரத்தம் வேறு. இன்னும் எத்தனை தடவை எழுதவேண்டும்?

"ஓ.ஆர்.எஸ். ரத்தத்தைத்தானே சரி செய்கிறது, நீங்களே மாட்டிக்கொண்டீர்கள்" என்று ஒருவர் வருவார். ஆமாம், வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் எல்லாம் போய் ரத்தம் அமிலப் பக்கம் சரிந்தவருக்கு அது கைகொடுக்கும். அது நோயாளிக்கு. நன்றாக இருக்கும் ஆளுக்கு இல்லை. அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"புற்றுநோய் காரத்தில் வாழாது என்று கண்டுபிடித்துத்தான் ஓட்டோ வார்பர்க் 1931இல் நோபல் வாங்கினார்" என்பது அடுத்த ஃபார்வர்டு. ஜெர்மன் விஞ்ஞானியான அவர் நோபல் வாங்கியது செல் மூச்சுவிட உதவும் நொதியைப் பற்றிய ஆய்வுக்கு. "உங்களுக்கு இயற்கை வைத்தியம் என்றாலே ஆகாது" என்பார்கள். என் வீட்டில் வாரம் ஒருநாள் வாழைத்தண்டு உண்டு. எனக்கு ஆகாதது இந்தக் காரக் கதை. அமெரிக்காவில் இதையே விற்ற ராபர்ட் யங், உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 2017இல் சிறைக்குப் போனார். இங்கே லைவ் போடுகிறார்கள், ஹார்ட்டின் பறக்கிறது.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், இதுவரை இங்கே எழுதியதில்லை. என் சாத்துக்குடிக் கதையை நான் முதலில் பெருமையாகச் சொன்னது எங்கள் வீட்டு விசேஷத்தில். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் என் பெரிய அண்ணன். சர்க்கரை, அதோடு சிறுநீரகம் பாதி போன நிலைமை. அடுத்த மாதம் ஏதோ ஒரு முகாமுக்குப் போய், "ரத்தத்தைக் காரமாக்க" தினம் இளநீர், சாத்துக்குடி ஜூஸ், கீரைச் சாறு என்று தொடங்கியிருக்கிறார், எனக்குத் தெரியாது. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியே தள்ள முடியாது, அது ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுகூடப் போகலாம். பொட்டாசியம் 6.9 என்று ரிப்போர்ட்டில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. நள்ளிரவில் டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். கண் விழித்ததும் அண்ணன் கேட்டது, "நீதானம்மா சொன்ன?"

நான் சொன்னது சிறுநீரை. அவர் கேட்டுக்கொண்டது ரத்தத்தை. அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தை நான் சேர்த்துச் சொல்லவில்லை. அண்ணன் இன்றுவரை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறார். இப்போது என் பெயர் போட்ட ஸ்கிரீன்ஷாட்டை நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள், அதில் எத்தனை அண்ணன்கள் இருக்கிறார்களோ.

ஸ்கிரீன்ஷாட்டை எடுக்கச் சொல்லி அந்த வைத்தியருக்கு மூன்று முறை மெசேஜ் போட்டுவிட்டேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை. என் கமெண்டை நான் அழிக்க மாட்டேன், கீழே இந்தப் பதிவின் லிங்க்கைச் சேர்த்திருக்கிறேன்.

அப்புறம், "டீச்சர், நீங்களுமா?" என்று முதலில் சிரித்தவனுக்கு. பேரைச் சொல்லவில்லை, உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தித் தண்ணீர் செய்து, எலுமிச்சையைப் பிழிந்தால் சிவப்பு போய் மஞ்சள் திரும்புவதைக் காட்டினேன் இல்லையா, அன்றைக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றது நீதான்.