யாருடைய கருத்து?

ஜனநாயக நாட்டிலும் வெளியுறவை அதிகாரிகளே தீர்மானிக்கினம், மக்கள் கருத்து வெறும் இரைச்சல் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அப்படிப் படவில்லை. 2013 மார்ச்சை நினைத்துப் பாருங்கோ. தமிழ்நாட்டில் ஈழத்தமிழருக்காகக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தி.மு.க. மத்திய கூட்டணியை விட்டு வெளியேறியது, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை மீதான தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. நவம்பரில் கொழும்பு பொதுநலவாய மாநாட்டுக்கு அப்போதைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வரவில்லை. 2014இல் அங்கே வந்த அடுத்த தீர்மானத்தில் அதே இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. தி.மு.க.தான் ஏற்கெனவே போய்விட்டதே, இனி இழக்க என்ன இருக்கு என்று நினைத்திருப்பார்கள். இது என் கணக்கு.

ஆனால் யாருடைய கருத்து எடுபடுகிறது என்பதுதான் விசயம். என் மாமா யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் வலை போடுகிறவர். ஒருநாள் விடியப்புறம் மேல்கயிறும் நாலைந்து மிதப்பும் மட்டும் கொண்டுவந்தார். மிச்ச வலையை இந்திய இழுவைப்படகு வாரிக்கொண்டு போய்விட்டது. கடலடியை வாரி இழுக்கிற இந்த இழுவைமடியை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடை செய்தது. (எங்கட ஆக்களிலும் சிலர் இழுக்கினம், மறைக்க ஏலாது.) அக்கரைத் தமிழ்நாட்டு மீனவர் இங்கே கைதானால் சென்னையிலிருந்து உடனே டெல்லிக்குக் கடிதம் போகும், அந்த மீனவரின் வாக்கு அங்குள்ள கட்சிகளுக்கு வேணும். மாமாவின் வாக்கு டெல்லியில் செல்லாது. கொழும்பிலும் அவர் வாக்கை நம்பி ஒரு அரசும் இல்லை.

கட்டுரையில் இந்தக் கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன் ஐயா?