நிலாவில் விட்டுவந்த காலணி

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டார். இடது பக்கம், நிலா மண்ணில் பதிந்த அந்தக் காலடித் தடம், பட்டை பட்டையான கோடுகளோடு. வலது பக்கம், அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆம்ஸ்ட்ராங்கின் விண்வெளி உடை. அதன் காலணியில் அந்த மாதிரிக் கோடுகளைக் காணோம். "நிலாவுக்குப் போனதே பொய். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்று கீழே ஒரு வரி.

படத்தைப் பார்த்ததும் எனக்கும் ஒரு நிமிடம் உறுத்தியது, மறைக்கவில்லை. சந்தேகப்பட்டதற்காகச் சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த கேள்வியைக் கேட்காமல் அதைப் பத்துப் பேருக்கு அனுப்பியதுதான் வருத்தம்.

நிலவில் இறங்கியவர்கள் உடையோடு சேர்ந்த காலணிக்கு மேல் இன்னொரு காலணி மாட்டிக்கொண்டார்கள். அதன் அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பர். பட்டைக் கோடுகள் அதில்தான். கிளம்பும்போது எடையைக் குறைத்தாக வேண்டும். ஆம்ஸ்ட்ராங் போன அப்போலோ 11 பயணத்தில் அள்ளி வந்த கல்லும் மண்ணுமே 21 கிலோவுக்கு மேல். அதனால் மேல்காலணிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அருங்காட்சியகத்தில் இருப்பது உள்ளே போட்டிருந்தது. அப்புறம், அந்தத் தடமே ஆம்ஸ்ட்ராங்குடையது கிடையாது. மண் எப்படி அழுந்துகிறது என்று பார்ப்பதற்காக, அவரோடு நிலாவில் இறங்கிய ஆல்ட்ரின் கால் பதித்து எடுத்த படம் அது.

எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வர ஒரு சொந்தக் காரணம் உண்டு. என் அம்மா முப்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். அந்த உடையைத் தைத்தவர்களும் அம்மா மாதிரிப் பெண்கள்தான். டெலாவேர் மாநிலத்தில் டோவர் என்ற ஊர். பிளேடெக்ஸ் என்ற பெயரில் பெண்களின் உள்ளாடை தயாரித்த நிறுவனத்தின் கிளை. பிரா தைத்துப் பழகிய கைகளிடம்தான் விண்வெளி உடையைக் கொடுத்தார்கள். இருபது அடுக்குக்கு மேல், வழுக்குகிற துணியும் படலமும். குண்டூசி குத்தி நிறுத்தவும் பயம், ஒன்று உள்ளே தங்கினால் காற்று நிற்கும் அடுக்கில் ஓட்டை விழுந்துவிடும். தைத்து முடித்ததை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அம்மா என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, தோள்பட்டைத் தையலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1967 ஜனவரியில், தரையில் நடந்த ஒத்திகையில் விண்கலத்துக்குள் தீப்பிடித்து விண்வெளி வீரர்கள் கிரிஸம், ஒயிட், சாஃபி மூன்று பேரும் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் உடையின் வெளி அடுக்குக்கு, எளிதில் தீப்பிடிக்காத கண்ணாடி இழைத் துணி வந்தது. நிலாவுக்குப் போவதற்காகச் சுமார் 4 லட்சம் பேர் உழைத்த வேலை இது. அதை ஒரே வார்த்தையில் 'நாடகம்' என்கிறோமே!

சந்தேகப்படுகிறவர்கள் கேட்கும் வேறு கேள்விகளும் உண்டு. காற்றில்லாத நிலாவில், படத்தில் கொடி ஏன் விரிந்து நிற்கிறது? மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி இருக்கிறது. நட்சத்திரம் ஏன் தெரியவில்லை? வெயிலில் பளபளக்கும் தரைக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான வெளிச்சம் பதியாது. நிலாவுக்குப் போகப் போட்டி போட்ட ரஷ்யாக்காரர்கள் சும்மா விட்டிருப்பார்களா என்பதையும் யோசிக்க வேண்டும். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் இருந்தபோதே ரஷ்யாக்காரர்கள் அனுப்பிய ஆளில்லா விண்கலம் லூனா 15 அங்கே மோதி நொறுங்கியது. தோற்ற வலியில் இருந்தவர்களும்கூட 'பொய்' என்று சொல்லவில்லை. நம் சந்திரயான்-2 சுற்றுக்கலத்தின் கேமராவும் அப்போலோ 11 இறங்கிய இடத்தை 2021-ல் படம் எடுத்திருக்கிறது.

இத்தனையும் குழுவில் எழுதினேன். ராத்திரி சித்தப்பா போன் செய்தார். "சரிடா, அந்த மேல்காலணி இப்பவும் அங்கேயேதான் கிடக்குதா?"

"ஆமா சித்தப்பா. அங்கேயேதான் கிடக்குது."

"மழை இல்ல, காத்து இல்ல... அப்படியே இருக்கும் இல்ல?" என்றார்.