சோற்றுக்குப் பின் பழம்: ஒரு திருத்தம்

தம்பி, சோறு சாப்பிட்டவுடன் பழம் சாப்பிட்டால் அது வயிற்றில் அழுகிவிடும், சத்து ஒன்றும் உடம்பில் சேராது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. இரைப்பையில் இருப்பது கடும் அமிலம். பழம் அழுகும் இடமல்ல அது. சோற்றோடு சேர்ந்து கூழாகி, சில மணித்தியாலங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு இறங்கும்.

சத்து பெரும்பாலும் அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. ஏறத்தாழ 6 மீற்றர் குழாய், உட்சுவர் முழுக்க விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய சடைமுளைகள். மாப்பொருள் குளுக்கோசாகவும் புரதம் அமினோ அமிலமாகவும் உடைந்து, அந்தச் சடைமுளைகளின் இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து நேரே ஈரலுக்குப் போகும். கொழுப்புக்குப் பெரும்பாலும் வேறு வழி: நிணநீர்க் குழாய்களால் சுற்றிப் போய், கழுத்தடியில் இரத்தத்தோடு கலக்கும்.

இன்னொன்று, கீரைச் சுண்டலில் உள்ள இரும்புச்சத்து லேசில் உறிஞ்சப்படாது. கூடவே ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால் அதிலுள்ள விற்றமின் சி கைகொடுக்கும். இரும்பு சேருவதை உண்மையில் தடுப்பது, எங்கள் மட்டக்களப்புப் பக்கம் சாப்பிட்ட கையோடு குடிக்கிற பிளேன்டிதான், அதாவது பால் விடாத தேநீர்தான். அதிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். (நீரிழிவு உள்ளவர்கள் பழத்தின் அளவைப் பார்க்க வேண்டும், அது வேறு விஷயம்.) இரத்தச்சோகை உள்ள கர்ப்பிணிகளும் இதை வாசிக்கிறார்கள். தயவுசெய்து அவர்களைப் பழத்தை விடச் சொல்லாதீர்கள். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.