குரல் பதிவைப் போட்டுக் கூப்பிட வேண்டாம்

வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் படமெடுப்பது பற்றிய கட்டுரையில் மற்றதெல்லாம் சரி. செல்போனில் குரல் பதிவைப் போட்டுப் பறவையை வரவழைக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு பறவை நுழைந்துவிட்டதென்று நினைத்து, கூட்டைக்கூட விட்டுவிட்டு அது பதறி அலையும்.

கோத்தகிரியில் எங்கள் கொல்லையில் ஒரு தவிட்டுப்பழச் செடியும் தண்ணீர் வைத்த மண்சட்டியும்தான். நீலகிரிச் சிரிப்பான் தானாகவே வருகிறது, வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறுமாக. நீலகிரியையும் ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை! (கொடைக்கானலில் இருப்பது பழனிச் சிரிப்பான், அது வேறு இனம்.)

சமையலறை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கிறேன். மூடுபனி நாளில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 வைத்தும் ஷட்டர் வேகம் 1/250 நொடிதான் கிடைக்கும்; பறவை அசைந்தால் படம் கலங்கிவிடும். அது தலையை அசைக்காமல் நிற்கும் நொடிக்குக் காத்திருந்தால் போதும்.