எங்க அக்கா மவ கேபின் குரூ ஆகணும்னு சொல்லுதா

போன ஞாயிறு சர்ச் முடிஞ்சு அக்கா வீட்டுக்கு போயிருந்தேன். அவ மவ இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா, ரெண்டு வருஷமா கேபின் குரூ, அதான் பிளேன்ல பயணிகள பாத்துக்கிற வேலை, அதுக்குத்தான் போகணும்னு ஒரே பிடியா நிக்குதா. எனக்கு சந்தோஷம்தான். ஆனா டேபிள் மேல ஒரு இன்ஸ்டிடியூட் நோட்டீஸ் கிடந்துது, ஒரு வருஷ டிப்ளமோ, பீஸ் மூணு லட்சம், வேலை நூறு சதவீதம் உறுதின்னு போட்டு, அத்தான் நகைய எடுத்துட்டு திங்கக்கிழமை பேங்குக்கு போக ரெடியா இருந்தாவ. அங்க கொஞ்சம் சத்தமா பேசிட்டேன். அத இங்கயும் எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நிறைய வீட்டுல இப்ப இதே பேச்சுதான் ஓடுது.

நான் ஏழு வருஷம் இந்த வேலை பாத்தவ. கொளச்சல் பக்கம் மீன்பிடிக் குடும்பம், அப்பா கல்ஃப்ல போட்ல வேலை பாத்தாவ. நானும் ரெண்டு லட்சம் கட்டித்தான் படிச்சேன், அம்மா குழுவுல லோன் போட்டு தந்தா. அந்த இன்ஸ்டிடியூட்ல மேக்கப் போட, சேலை கட்ட, நிமிர்ந்து நடக்க சொல்லித் தந்தாங்க. அப்புறம் எனக்கு வேலை கிடைச்சது திருவனந்தபுரத்துல நடந்த ஒரு வாக் இன் இன்டர்வியூல, அங்க அந்த சர்டிபிகேட்ட யாரும் தொட்டுகூட பாக்கல. அம்மா வாங்கின கடன அடைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

அதனால சொல்லுதேன். பிளஸ் டூ பாஸ், பொம்பளப் பிள்ளைன்னா பெரும்பாலும் 155 செ.மீ உயரம், பாஸ்போர்ட், இங்கிலீஷ், இந்தி, வெளிய தெரியுற மாதிரி டாட்டூ இருக்கப்படாது, மெடிக்கல் பாஸ் ஆகணும். நம்ம நாட்டு ஏர்லைன்ஸ் அனேகமா கேக்கது இவ்வளவுதான். செலக்ட் ஆனா அவங்களே பயிற்சி குடுப்பாங்க, அந்தப் பயிற்சி இல்லாம யாரையும் பறக்க விட மாட்டாங்க. இன்டர்வியூக்கு எவனாவது பணம் கேட்டா அது ஏமாத்து, அங்கேயே எந்திரிச்சு வந்துரணும். இத்தன வருஷம் வேலை பாப்பேன், நடுவுல விட்டா பணம் கட்டுவேன்னு பாண்ட் எழுதி வாங்குற கம்பெனி உண்டு, அத வீட்டுல எல்லாரும் உக்காந்து வாசிச்சிட்டு கையெழுத்து போடுங்க.

அந்த உயரம் எதுக்குன்னு நினைக்கிய? அழகுக்கு இல்ல. தலைக்கு மேல இருக்குற பெட்டிக்குள்ள ஆக்சிஜன் பாட்டிலும் தீயணைப்பானும் இருக்கும், கை எட்டணும். 50 சீட்டுக்கு ஒரு குரூ கட்டாயம்னு விதி இருக்குறது சாப்பாடு பரிமாற ஆள் வேணும்னு இல்ல, அவசரத்துல ஆட்கள வெளிய இறக்கணும்னுதான். ஒரு மாடல் விமானத்துக்கு அனுமதி குடுக்கும்போது, பாதி கதவு திறக்காத நிலைமையில அத்தன பேரும் 90 வினாடிக்குள்ள இறங்கிர முடியும்னு காட்டணும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பிள்ளைய சின்ன மடக்கு சீட்டுல கைய தொடைக்குக் கீழ வச்சு பேசாம உக்காந்திருக்கத பாத்திருப்பிய. அப்ப அதுக மனசுக்குள்ள ஓடுறது என் கதவு எது, வெளிய தீ இருந்தா என்ன செய்யணும், முத வார்த்தை என்ன சொல்லிக் கத்தணும், யாருக்கு உதவி தேவைப்படும். ஒவ்வொரு தடவையும், ஒரு நாளைக்கு நாலு பிளைட்னா நாலு தடவையும்.

2024 ஜனவரி 2 டோக்கியோ ஹனேடாவுல ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இறங்கும்போது ஓடுபாதையில நின்ன கடலோரக் காவல்படை விமானத்துல மோதி தீப்பிடிச்சுது. காவல்படை விமானத்துல அஞ்சு பேர் இறந்துட்டாங்க. ஆனா பயணிகள் விமானத்துல இருந்த 379 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க. அறிவிப்பு மைக் வேலை செய்யல, எட்டு வழியில மூணுதான் பயன்படுத்த முடிஞ்சுது, மெகாபோன்லயும் தொண்டை கிழியவும் கத்தி இறக்கிவிட்டது அந்த கேபின் குரூதான். அன்னைக்கு நான் டிவி முன்னால அழுதேன்.

எனக்கு அந்த அளவுக்கு ஒண்ணும் நடக்கல. ஒருநாள் கல்ஃப்ல இருந்து வரும்போது முட்டம் பக்கத்து அண்ணன் ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்துட்டு. ஆக்சிஜன் வச்சு, டாக்டர் யாராவது இருக்காங்களான்னு அறிவிச்சு, அவர் பக்கத்துல முட்டு போட்டு உக்காந்து "அண்ணே பயப்படாதிய, நான் கொளச்சல்தான்"னு சொன்னேன், அவரு என் கைய பிடிச்சவரு தரையிறங்குற வரைக்கும் விடல. பிளேன்ல தண்ணி குடுக்கதுக்கா பிள்ளைய அனுப்புதியன்னு எங்க அம்மாட்ட கேட்டவிய இன்னும் ஊருல இருக்காவ. தண்ணியும் குடுத்திருக்கேன், அதுல ஒரு கேவலமும் இல்ல.

பாவாடை போட்டு வேலை செய்யுற பிள்ளை எப்படி இருக்கும்னு பேசுறவங்களுக்கு ஒண்ணு. மார்ப மறைக்க மேல்சீலை போடுற உரிமைக்கே நம்ம பாட்டிமாரு அடிபட்டு போராடி 1859ல திருவிதாங்கூர் ராஜா உத்தரவு வாங்கின மண்ணு இது. பொம்பள என்ன உடுத்தணும்னு ஊரு முடிவு பண்ண வேண்டாம்.

கஷ்டமும் இருக்கு, மறைக்கல. சம்பளத்துல பெரிய பங்கு பறக்குற மணி நேரத்துக்குத்தான், லீவுல படுத்தா குறையும். ஜலதோஷத்தோட பறந்தா காது போயிரும். கிறிஸ்மஸ் ராத்திரி எத்தனையோ வருஷம் நான் ஏர்போர்ட்லதான். கால் நரம்பு இன்னைக்கும் வலிக்கும்.

இன்னொண்ணு, கடல் பாத்து வளந்த எனக்கு 21 வயசு வரைக்கும் நீச்சல் தெரியாது. எங்க ஊருல பயலுவ எல்லாம் அலையில கிடப்பானுவ, எங்கள கரையோட நிறுத்திருவாவ. பயிற்சியில லைஃப் ஜாக்கெட் போட்டு தண்ணியில இறங்க சொன்னப்ப கொளச்சல்காரி நான்தான் ரொம்ப நடுங்கினேன்.

அக்காட்ட இதத்தான் சொல்லியிருக்கேன், நகை பெட்டியிலயே இருக்கட்டும், பிள்ளை காலேஜ்ல ஒரு டிகிரிக்கு சேரட்டும், இங்கிலீஷ் நான் தினமும் போன்ல பேசிப் பழக்குதேன். வர்ற சனிக்கிழமை நாகர்கோவில்ல நீச்சல் கிளாஸ்ல சேக்க கூட்டிட்டு போறேன். அக்கா சரின்னுட்டா. அத்தான் இன்னும் ஒண்ணும் சொல்லல.